நான் முன்மொழியாத திருத்தம்

செழியா,

நீ அனுப்பிய புத்தகப் புரூஃப் முந்தாநாள் மத்தியானம் கூரியரில் வந்தது. உறையைப் பிரித்ததும் அட்டைப் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். அந்தக் கறுப்புக் கோட்டுப் போட்டோவை எங்கே தேடிப் பிடித்தாயோ, அதில் என் தலையில் ஒரு நரைகூட இல்லை. எழுபது வயதுக்காரிக்கு விழா எடுக்கிறவன் நாற்பது வயதுப் படத்தைப் போட்டிருக்கிறானே என்று சிரித்துக்கொண்டேதான் உள்ளே புரட்டினேன். நன்றாகவே செய்திருக்கிறாய். காரைக்குடிக் கோர்ட்டில் நான் வக்கீல் தொழில் ஆரம்பித்தது, கட்சிக்கு வந்தது, மாநிலங்களவை உறுப்பினராக ஆறு வருஷம் டெல்லிக்கும் ஊருக்கும் அலைந்தது எல்லாவற்றையும் ஒழுங்காகக் கோத்திருக்கிறாய். அவையின் இணையதளத்தில் ஒவ்வொரு கூட்டத்தொடராகத் தேடி, எத்தனை நாள் வந்தேன், என்னென்ன கேள்வி கேட்டேன், எந்த விவாதத்தில் எத்தனை நிமிஷம் பேசினேன் என்று பட்டியல் போட்டிருக்கிறாய். நம் பக்கம் ரயில் நிற்க வேண்டும் என்று நான் கேட்ட கேள்வியெல்லாம் எனக்கே மறந்துபோயிருந்தது. இந்தப் பொறுமை உனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. என்னிடமிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை.

பதினெட்டாம் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன். "வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் ஏழைத் தொழிலாளர்களைக் காக்க, மசோதாவில் திருத்தம் கொண்டுவந்து அவையில் போராடியவர்" என்று எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் விழாவில் பேசுவோர் வரிசை. அதில் மூன்றாவதாகப் பாக்கியத்தின் பெயர். வியாழக்கிழமை பிரஸ்ஸுக்குக் கொடுக்கணும், பிழை இருந்தால் திருத்தி அனுப்பும்மா என்று ஒரு சீட்டும் வைத்திருந்தாய். எழுத்துப் பிழை மூன்று இருந்தது, திருத்திவிட்டேன். இந்தப் பக்கத்தை அப்படித் திருத்த முடியவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீ "சொல்லும்மா" என்றதும் அங்கே மழை உண்டா, மருமகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இந்த விழாவில்தான் உன்னை வார்டு வேட்பாளராக அறிவிக்கப் போகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். என் பெயரை வைத்துக்கொண்டு நீ ஓட்டுக் கேட்கப் போகும் முன்னால், அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாக்களித்த விவரத்துக்கு ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, "அம்மாவிடம் கேட்க வேண்டும்" என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாய். என்னிடம் கேட்டாலும் அந்தப் பக்கம் நிரம்பாது. அங்கே பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். ஆதரிக்கிறவர்கள் "ஆம்" என்பார்கள், எதிர்க்கிறவர்கள் "இல்லை" என்பார்கள், ரெண்டு சத்தத்தில் எது பெரிது என்று அவையை நடத்துகிறவர் சொல்வதுதான் தீர்ப்பு. யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார்கள் என்று எங்கும் எழுதுவதில்லை. நான் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. யாராவது எழுந்து பெயர்வாரியாக எண்ணச் சொன்னால்தான் பொத்தானை அழுத்துவோம், பெயர் பதிவாகும். அப்படிப் பதிவான என் வாக்குகளை நீ எடுத்துப் பார். ஒன்றுகூட நானாக யோசித்துப் போட்டதில்லை. கட்சிக் கொறடா காலையில் ஒரு தாள் அனுப்புவார், அதில் சொன்ன பொத்தானுக்கு விரல் போகும். மீறினால் பதவி பறிபோகும் என்று சட்டமே இருக்கிறது. ரொம்ப நாள் இதைச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். ஆனால் நான் இப்போது சொல்லப் போகிற நாளில் கொறடா எந்தத் தாளும் அனுப்பவில்லை.

ஒன்பதாவது முழுப்பரீட்சை லீவில் அப்பா உன்னை டெல்லிக்குக் கூட்டி வந்தது நினைவிருக்கிறதா? பார்வையாளர் மாடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாய். நான் ஆசையாக "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன். "எல்லாரும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பேசுறாங்க. நீ மட்டும் ஏம்மா கடைசிவரைக்கும் உக்காந்தே இருந்த?" என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எழுந்து கத்துவதுதான் வேலை என்று நினைக்காதே, கமிட்டியில் எவ்வளவு வேலை நடக்கிறது தெரியுமா என்று ரோட்டில் வைத்தே உன்னைத் திட்டினேன். முகம் சுருங்கிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாய். அன்றைக்கு நீ கேட்டது நியாயமான கேள்வி. பதில் தெரியாததால்தான் திட்டினேன். இத்தனை வருஷம் கழித்து அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி பாக்கியம். அவளை உனக்கு நம் வீட்டுக்கு வந்துபோகிறவளாகத் தெரியும். அவள் எப்படி வந்தாள் என்பது முழுதாகத் தெரியாது. திருப்பத்தூர் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கிற ஊர் அவளுடையது. புருஷன் சின்னையா வயரிங் வேலை தெரிந்தவர். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒரு அறை எடுத்து வெளிநாட்டுக்கு ஆள் பிடிக்கிற ஒருத்தர், கரண்டு வேலை என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தார். போன இடத்தில் ரோட்டு வேலை. வெயிலில் தார் ஊற்றுகிற வேலையில் ஒரு நாள் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. உடம்பு ஊர் வந்து சேர மூன்று மாதம் ஆனது. உரிமம் வைத்திருக்கிற கம்பெனியோ வேறு ஏதோ பெரிய ஊரில் இருந்தது. அவர்களுக்கு எழுதிக் கேட்டால், திருப்பத்தூரில் உட்கார்ந்திருக்கிற ஆளை எங்களுக்குத் தெரியாது, அவர் எங்கள் ஆள் இல்லை என்று ஒரே வரியில் பதில். மாடி அறைக்காரர் அதற்குள் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

அப்போது நான் பதவிக்கு வந்து நாலாவது வருஷம். கூட்டத்தொடர் இல்லாத நாள், வீட்டு முன்னறையில் மனு வாங்கிக்கொண்டிருந்தேன். "வக்கீலம்மா இருக்கீகளா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு துணிக்கடைப் பை நிறையக் காகிதத்தோடு உள்ளே வந்தாள். ஊரே என்னை எம்பி அம்மா என்று கூப்பிட்டபோதும் அவளுக்கு நான் வக்கீலம்மாதான். காகிதங்களை வாசித்துவிட்டு, கேஸ் போட்டால் இழுக்கும், ஆனாலும் பார்க்கலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"கேசெல்லாம் வேணாம் வக்கீலம்மா. அவுக போனது போனதுதான். என்னையப் போல இன்னொருத்தி இந்தப் பையத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கக் கூடாது. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. நீங்கதான் சட்டம் போடுற எடத்துல இருக்கீகளே."

அந்த வேகத்தில்தான் நான் ரெண்டு வருஷம் வேலை செய்தேன். அமைச்சகத்துக்கு எழுதினேன், கேள்வி கேட்டேன், கமிட்டியில் பேசினேன். நீ பட்டியலில் போட்டிருப்பதெல்லாம் உண்மை. ஆறாவது வருஷம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவது பற்றிய சட்டத்தை மாற்ற ஒரு மசோதா வந்தது. அதில் ஊர் ஊராக ஆள் பிடிக்கிற சில்லறை ஏஜென்டுகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் ரெண்டு வரியில் ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தேன். உரிமம் வாங்கிய கம்பெனிக்காக ஊரில் யார் ஆள் பிடித்தாலும், அவர் செய்கிற காரியத்துக்குக் கம்பெனியே பொறுப்பு. அவ்வளவுதான். அது அச்சாகி எல்லா உறுப்பினருக்கும் போன பட்டியலில் என் பெயரோடு இருந்தது. நீ இணையதளத்தில் பார்த்தது அந்தப் பட்டியலைத்தான். ஒரு உறுப்பினர் திருத்தம் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, செழியா. மசோதா எடுக்கப்படும்போது பெயரைக் கூப்பிட்டு, உங்கள் திருத்தத்தை முன்மொழிகிறீர்களா என்று கேட்பார்கள். எழுந்து ஆம் என்று சொன்னால்தான் அது அவையின் முன் வரும். இல்லாவிட்டால் வெறும் காகிதம்.

அந்த வாரம் பாக்கியத்தை டெல்லிக்கு வரவழைத்தேன். அவள் நேரில் பார்க்கட்டும் என்று ஆசை. என்னைப் பார்க்கட்டும் என்ற ஆசையும்தான். அப்பா அப்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார், அவர்தான் அவளை ரயிலில் கூட்டி வந்தார். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, கைப்பையைக்கூட வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்களே என்று மிரண்டுபோய், மாடத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மசோதா. அதற்குக் கொஞ்சம் முன்னால் நடைபாதையில் எங்கள் கட்சியின் அவைக் குழுத் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

"அக்கா, உங்க திருத்தம் ஒண்ணு லிஸ்ட்ல இருக்கு போல."

"ஆமாங்க, ரெண்டு வருஷமா இதுக்காகத்தான் அலையுறேன்."

"தெரியும்க்கா. நல்ல திருத்தம்தான். ஆனா இன்னைக்கு வேணாமே. நாம வேற ஒரு விஷயத்துல ஆளுங்கட்சி தயவை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கோம். இந்த நேரத்துல நம்ம பக்கத்துல இருந்து ஒரு திருத்தம் வந்து, ஓட்டெடுப்புன்னு போனா சங்கடமாயிடும்."

"கொறடா உத்தரவா இது?"

"அட, அதெல்லாம் இல்லக்கா. உங்க இஷ்டம்தான். நீங்க விட்டுக் கொடுத்தீங்கன்னு தலைவர் காதுல நானே நல்லபடியாச் சொல்றேன்."

தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட்டார். என் பதவிக்காலம் முடிய எட்டு மாதம் இருந்தது. அடுத்த முறை யாரை அனுப்புவது என்று தலைவர் யோசித்துக்கொண்டிருந்த சமயம். குழுத் தலைவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானாகத்தான் கூட்டிக்கொண்டேன்.

அவைக்குள் போய் உட்கார்ந்தேன். திருத்தத் தாள் கையில் இருந்தது. அமைச்சர் பேசினார், நாலைந்து பேர் பேசினார்கள், என் முறை வந்தபோது நானும் பொதுவாக ஏதோ பேசி முடித்துவிட்டேன். பிறகு மசோதாவைப் பிரிவு பிரிவாக எடுத்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டு, முன்மொழிகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார் அவையை நடத்தியவர். எழுந்தேன். மேலே பார்த்தேன். நான் எழுந்ததைப் பார்த்துவிட்டுப் பாக்கியம் நிமிர்ந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள். "நாட் மூவிங், சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார்கள். பின்வரிசையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் "ஆம்" என்று ஒரு பெரிய சத்தம், மசோதா நிறைவேறியது. நானும் அந்தச் சத்தத்தில் சேர்ந்து "ஆம்" என்றேன். அது எந்தப் பதிவிலும் இருக்காது. அதனால் உனக்கு இங்கே எழுதி வைக்கிறேன்.

வெளியே வந்ததும் பாக்கியம் ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலமும் தெரியாது, இந்தியும் தெரியாது.

"எந்திரிச்சுப் பேசினீகள்ல வக்கீலம்மா, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவுக பேரையும் சொன்னீகளா?"

"சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு, பாக்கியம்."

"அப்பச் சட்டம் ஆயிருச்சா?"

"மசோதா நிறைவேறிருச்சு."

அந்த ரெண்டு பதிலையும் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கோர்ட்டில் இருபது வருஷம் நின்ற வாய். பொய் என்று யாரும் பிடிக்க முடியாது. அவள் நடுரோட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆங்கில வாத்தியார், மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். குவார்ட்டர்ஸுக்கு வந்து அவள் குளிக்கப் போன நேரத்தில் சமையல்கட்டுக்கு வந்து சொன்னார். "அங்க உக்காந்திருக்கும்போதே எங்கிட்டக் கேட்டா, என்ன சார் சொல்றாகன்னு. அவங்களே வந்து சொல்லுவாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். எப்ப சொல்லப் போற?" ஊருக்குப் போனதும் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அவர் ஒருமுறைதான் கேட்பார், அது உனக்கும் தெரியும்.

எட்டு மாதம் கழித்து அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு சால்வையும் நல்ல பேச்சும் கிடைத்தது. பாக்கியத்துக்குச் செய்ததை நினைத்துத்தான் அப்போது வருந்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு வருஷம் வரைக்கும் மறுபடி டெல்லிக்குப் போக முடியவில்லையே என்பதுதான் எனக்குப் பெரிய துக்கம். அதெல்லாம் ஆறிய பிறகுதான் மற்றது மேலே வந்தது. பாக்கியம் ஊரில் எல்லாரிடமும், வக்கீலம்மா டெல்லியில எந்திரிச்சுப் பேசிச் சட்டம் கொண்டுவந்துட்டாக என்று சொல்லி வைத்திருந்தாள். பொங்கலுக்குக் கரும்பும் மொச்சைக்காயும் கொண்டு வருவாள். வாங்கி வைத்துக்கொள்வேன். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவசர வேலை எதாவது வந்துவிடும்.

அப்பா காலமான அடுத்த வருஷம், திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது கடைவீதியில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் இவளைவிட ஒரு முழம் உயரத்தில் மகன் கார்த்தி. சின்னையா இறந்தபோது பத்து வயதுப் பையன், ஐடிஐ முடித்து மீசை வைத்துக்கொண்டு நின்றான். புதுப் பெட்டி ஒன்று வாங்கிக் கையில் வைத்திருந்தான். காரை நிறுத்தச் சொன்னேன்.

"இவனும் வெளிநாடு போறான் வக்கீலம்மா, மிசின் ஓட்டுற வேலைக்கு" என்றாள். "மொதல்ல வேணாம் வேணாம்னுதான் சொன்னேன். பெறகு யோசிச்சேன், அவுக போனப்ப மாதிரியா இப்ப? ஏசண்டு தப்புப் பண்ணுனா கம்பேனிக்காரனப் பிடிக்கலாம்னு நீங்கதான் சட்டம் போட்டிருக்கீகளே. அந்தத் தெகிரியத்துலதான் அனுப்புறேன்."

கார் கதவு பாதி திறந்திருந்தது. இறங்கி, அவள் கையைப் பிடித்து, அப்படி ஒரு சட்டம் இல்லை பாக்கியம் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். கடைவீதியில் ஆள் நடமாட்டம், டிரைவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அந்தப் பையன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். "பேப்பரையெல்லாம் ஒரு காப்பி எடுத்து வீட்ல வச்சுட்டுப் போப்பா" என்று மட்டும் அவனிடம் சொன்னேன். "சரிங்கம்மா" என்றான். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். டெல்லியில் செய்தது கோழைத்தனம் என்றால், இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆறே மாதத்தில் போன் நின்றுபோனது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், சொன்ன வேலை ஒன்று கொடுத்த வேலை ஒன்று. பழுதான மிஷினில் அவன் வலது கையின் ரெண்டு விரல் போனது. உரிமக் கம்பெனிக்கு எழுதினால், அதே பழைய பதில், ஊரில் அனுப்பிய ஆளை எங்களுக்குத் தெரியாது. நான் அலைந்தேன். தெரிந்த அதிகாரி, தெரியாத அதிகாரி, தூதரகம், பழைய சகாக்கள் என்று ஒருவரை விடவில்லை. பதினாலு மாதம் கழித்து அவன் வந்து இறங்கியபோது திருச்சி ஏர்போர்ட்டுக்கு நீதான் போய்க் கூட்டி வந்தாய். பதவி போய் இத்தனை வருஷமாகியும் இந்த அம்மா இவ்வளவு பாடுபடுகிறாரே என்று ஊரெல்லாம் பேசினார்கள். நீயும் பதினேழாம் பக்கத்தில் அதைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். நான் எதற்காக அப்படி அலைந்தேன் என்பது பாக்கியத்துக்குக்கூட அப்போது தெரியாது.

அவன் வந்த பத்தாம் நாள் தனியாக அவள் வீட்டுக்குப் போனேன். காலையில் இட்லிக் கடை போட்டுவிட்டு, பின்பக்கம் உட்கார்ந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனவளை உட்காரச் சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன்.

"பாக்கியம், அன்னைக்கு டெல்லியில நான் நம்ம விஷயத்தப் பேசல."

"எந்திரிச்சீகளே. நான் பாத்தேனே."

"எந்திரிச்சு, இத நான் கொண்டு வரலன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். கட்சியில வேணாம்னாக. யாரும் மிரட்டல. நானாத்தான் விட்டுட்டேன். நீ நெனைக்கிற மாதிரி ஒரு சட்டம் அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல."

தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே கழுவிய தட்டையே திரும்ப எடுத்துத் தேய்த்தாள்.

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் நீங்க வந்து சொல்லுவீகன்னாரு" என்றாள். பிறகு கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். "அங்க சொல்லாட்டிப் போகுது. அது பெரிய எடம், உங்களுக்கு என்ன நெருக்கடியோ. திருப்பத்தூர்ல இவன் பெட்டியக் கையில வச்சுக்கிட்டு நின்னானே, அன்னைக்கு எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல வக்கீலம்மா? நான் போக விட்டிருக்க மாட்டேன்ல?"

உள்ளேயிருந்து கார்த்தி வந்து, "விடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றான். "நீ பேசாம இருடா" என்று அவனை அடக்கிவிட்டு, என்னிடம், "போயிட்டு வாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எப்போதும் கார் வரை கூடவே வருகிறவள் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ரெண்டு பொங்கல் போய்விட்டது, அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையாம் என்று உன்னிடம் நான் சொல்லி வைத்தது பொய்.

இது எதுவும் தெரியாமல் நீ அவளைப் போய்க் கூப்பிட்டிருக்கிறாய். மேடையில் பேச ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தனுப்பியிருக்கிறாய். வக்கீலம்மாகிட்டக் கேட்டுச் சொல்றேன் என்று உன்னிடம் சொன்னாளாமே. நேற்றுக் காலையில் எனக்குப் போன் செய்தாள். ரெண்டரை வருஷம் கழித்து அவள் குரலைக் கேட்கிறேன்.

"உங்க மகன் என்னைய மேடையில பேசக் கூப்பிடுறாக. வரவா, வேணாமா?"

"வா பாக்கியம்."

"வந்தேன்னா நடந்ததத்தான் சொல்லுவேன். எழுதிக் கொடுத்ததப் படிக்க மாட்டேன்."

"நடந்ததயே சொல்லு."

அதோடு வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க அங்க இருப்பீகளா?" என்றாள்.

"இருப்பேன்" என்றேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதனால் செழியா, உனக்கு இப்போது நிறைய யோசிக்க வேண்டியிருக்கும். வேட்பாளராக அறிவிக்கிற மேடையில் இப்படி ஒரு பேச்சு நடந்தால் கட்சிக்காரர்கள் என்ன சொல்வார்கள், எதிர்த்து நிற்கிறவர்கள் அதை எப்படியெல்லாம் பிடித்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. விழாவே வேண்டாம் என்று நீ நிறுத்தினாலும் எனக்கு வருத்தமில்லை. புத்தகத்தை மட்டும் அப்படியே அச்சடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். பதினெட்டாம் பக்கத்தில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, "திருத்தம் எழுதிக் கொடுத்தார், அவையில் முன்மொழியவில்லை" என்று போடு. காலியாக விட்ட பக்கத்தைக் காலியாகவே விட்டுவிடு. கீழே பென்சிலில் எழுதியிருப்பதை மட்டும் அழித்துவிடு, என்னிடம் கேட்டுவிட்டாய், நானும் சொல்லிவிட்டேன்.

நீ தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று நான் சொல்லப் போவதில்லை. நீ போகப் போவது சின்ன மன்றம், குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடையும் தெருவிளக்கும்தான் அங்கே விஷயம். ஆனால் அங்கேயும் ஒரு நாள் யாராவது உன் தோளில் தட்டி, "இன்னைக்கு வேணாமே தம்பி" என்று சொல்வார்கள். சத்தம் போட மாட்டார்கள், பயம் காட்ட மாட்டார்கள், நல்லவர்களாகவும் இருப்பார்கள். நான் பயந்து பணிந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எனக்கு அன்றைக்குப் பயமே இல்லை. மரியாதையாகக் கேட்டார், நானும் மரியாதையாக விட்டுக் கொடுத்தேன். அந்த இடத்தில் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிந்திருந்தால், ஒரு நிமிஷமாவது நின்று யோசிப்பாய் என்று நினைக்கிறேன்.

விழாவை நடத்துவது என்று நீ முடிவு செய்தால் ஒரே ஒரு காரியம் செய். வரிசையில் எனக்கு முன்னால் பாக்கியத்தைப் பேச விடு. அவளுக்கு மேடை பழக்கமில்லை, நடுவில் தடுமாறுவாள், அழுதாலும் அழுவாள். விஷயம் எங்கே போகிறது என்று புரிந்ததும் யாராவது பெரிய மனிதர் எழுந்து, போதும்மா உக்காருங்க என்று சொல்ல வருவார். அந்த நேரத்தில் நீ என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டாம், என் முகத்தையும் பார்க்க வேண்டாம். அவள் பக்கத்தில் போய் நின்றுகொள். அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் மைக்கை யாரும் வாங்காமல் பார்த்துக்கொள்.

அம்மா